இருபத்திரண்டு சான்றிதழ் வாங்கிய வேதியியல் வாத்தியார்

வைகுண்டராஜ் வாத்தியாரிடம் ஆய்வுக்கூடப் பாதுகாப்பு பற்றி இருபத்திரண்டு சான்றிதழ்கள் இருந்தன. எல்லாம் இன்டர்நெட்டில் பரீட்சை எழுதி வாங்கியவை. கலரில் பிரிண்ட் எடுத்து, லேமினேட் செய்து, கெமிஸ்ட்ரி லேப் சுவரில் வரிசையாக மாட்டியிருந்தார். தீப்பிடித்தால் என்ன செய்வது என்பதற்கு ஒன்று. ஆசிட் கண்ணில் தெறித்தால் பதினைந்து நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும் என்பதற்கு ஒன்று. அந்தச் சுவரை ஒட்டியிருந்த குழாயில் தண்ணீர் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

கோம்பைப் பக்கம் இருந்த தனியார் மேல்நிலைப் பள்ளி அது. முப்பத்தொரு வருஷம் அரசு ஆஸ்பத்திரிகளில் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பின், அந்தப் பள்ளியின் பெண்கள் விடுதியில் நோயறையைப் பார்த்துக்கொள்ள 2003-இல் சேர்ந்தேன். காய்ச்சல், வயிற்றுவலி, பேன். அதற்குமேல் பெரிதாக ஒன்றும் வராது. வந்த ஒரே பெரிய விஷயம் இந்த வாத்தியாரால் வந்தது.

அவருக்கு ஊர் வருசநாடு. அப்பா ஒச்சாண்டி நாலு ஏக்கர் மானாவாரியும் கொஞ்சம் இலவமரமும் வைத்திருந்தவர். வீட்டில் முதல் பட்டதாரி என்று மகனைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். பி.எஸ்ஸி. படித்த கல்லூரியில் ஒரு பியூரெட்டுக்கு ஆறு பையன்கள். ஒருவன் ஊற்றுவான், ஒருவன் பார்ப்பான், மற்றவர்கள் நிற்பார்கள். ரீடிங்கை நோட்டில் எழுதும் வேலை வைகுண்டராஜுக்கு. மூன்று வருஷமும் அதையேதான் செய்தார். எம்.எஸ்ஸி. தபாலில். ஒரு தடவைகூடத் தன் கையால் பியூரெட் குழாயைத் திருகாமல் 1998-இல் மேல்நிலை வகுப்புக்கு வேதியியல் ஆசிரியராக வந்து சேர்ந்தார். இதையெல்லாம் அவரே ஒரு நாள், நான் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஏதோ தியாகக் கதை மாதிரி சொன்னார்.

லேப்பை உண்மையில் நடத்தியவள் பவுனு. எட்டாம் வகுப்புப் படித்த அட்டெண்டர், கோம்பைக்காரி. ஆசிட்டை நீர்க்கச் செய்வது, ஸ்பிரிட் விளக்கில் திரி போடுவது, பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நின்று "லேசா ரோஸ் வந்ததும் நிறுத்து ஆத்தா, அவசரப்பட்டா சிவந்து போகும்" என்று சொல்வது எல்லாம் அவள்தான். வாத்தியார் வாசலில் நின்று ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போடுவார். ஆசிட் பாட்டில் இருக்கும் மேஜைக்கு மூன்றடி தள்ளித்தான் நிற்பார். பவுனு ஒன்றும் உத்தமி இல்லை. மயில்துத்த டப்பாவில் வருஷத்துக்கு நாலு கை குறையும். அவளுடைய அண்ணனுக்குத் திராட்சைத் தோட்டம் உண்டு, கொடிக்கு அடிக்கும் மருந்தில் மயில்துத்தம் சேரும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

2006-இல் பள்ளிக்கு பிராட்பேண்ட் வந்தது. வைகுண்டராஜுக்கு மறுவாழ்வு வந்தது. உலகத்தில் எந்தெந்தப் பல்கலைக்கழகமோ இலவசமாகப் போட்டிருந்த வேதியியல் பாடங்களையும் சோதனைப் படங்களையும் அவர் கண்டுபிடித்தார். திரையிலேயே பியூரெட், திரையிலேயே குடுவை. மவுசை அழுத்தினால் சொட்டு விழும், நிறம் மாறும். அந்தப் பாடங்களில் குற்றம் இல்லை. நானும் உட்கார்ந்து பார்த்தேன். தீக்காயம் பற்றிய பக்கம் எங்கள் காலத்து நர்சிங் புத்தகத்தைவிட நன்றாகவே இருந்தது. திரைச் சோதனையில் முதலில் பாதுகாப்புக் கண்ணாடி மாட்ட வேண்டும், கையுறை போட வேண்டும். மாட்டாமல் பாட்டிலைத் தொட்டால் சிவப்பில் எச்சரிக்கை வரும். பிள்ளைகள் கண்ணாடியை அழுத்துவார்கள், அது திரையில் இருக்கும் பொம்மையின் முகத்தில் போய் உட்காரும். பள்ளியில் நிஜக் கண்ணாடி நாலு இருந்தது. கீறல் விழுந்துவிடும் என்று வாத்தியார் அவற்றைப் பாலிதீன் உறையோடு தன் பீரோவில் வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு செய்முறை வகுப்பெல்லாம் கம்ப்யூட்டர் அறைக்குப் போய்விட்டது. தாளாளர் சுருளியாண்டிக்குப் பரம சந்தோஷம். திராட்சைக் கமிஷன் மண்டி வைத்திருந்தவர். கேஸும் ஆசிட்டும் வாங்காமல் கெமிஸ்ட்ரி நடக்கும் என்றால் அவருக்குக் கசக்குமா? பெற்றோர்கள் வரும்போது கம்ப்யூட்டர் அறையைத் திறந்து காட்டுவார். லேப் பூட்டியே கிடந்தது. பவுனை ஆபீசில் டீ கொடுக்கவும் ஜெராக்ஸ் எடுக்கவும் போட்டார்கள். பொதுத்தேர்வுக்கு நிஜமாகச் செய்தாக வேண்டும் என்பதால் ஜனவரியில் மட்டும் மூன்று வாரம் லேப் திறக்கும்.

2007 ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வாத்தியார் லேப்புக்கு வந்தார். ஏதோ பாதுகாப்புப் பாடத்தில், கறைபட்ட பழைய லேபிள்களை மாற்றிவிட வேண்டும், ஒவ்வொரு பாட்டிலிலும் அபாயக் குறி இருக்க வேண்டும் என்று படித்திருந்தார். சரியான யோசனைதான். அறுபத்து நாலு பாட்டிலுக்கும் மண்டை ஓடு, தீ, அமிலம் அரித்த கை என்று கலர் கலராகப் படம் போட்டு ஆபீஸ் இங்க்ஜெட் பிரிண்டரில் அடித்துக்கொண்டு வந்திருந்தார்.

"பவுனு, பழைய லேபிள் எல்லாத்தையும் ஊறவச்சுச் சுரண்டிரு. நாளைக்குப் பூஜையில லேப் பளபளன்னு இருக்கணும்."

"ரெண்டு ரெண்டா ஊறப்போடுவோம் சார். ஒண்ணைச் சுரண்டி புதுசை ஒட்டிட்டு அடுத்ததுக்குப் போனா மாறாது."

"அப்பிடிச் செஞ்சா விடிஞ்சிரும். வரிசை மாறாம அடுக்கு, நான் ஒட்டிட்டு வாரேன்."

அவள் வரிசை மாறாமல் அடுக்கினாள். அவரும் சரியாகத்தான் ஒட்டினார். அதோடு பவுனு, தன் அக்கா மகள் காதுகுத்துக்கு நாலு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் பூஜை. அலமாரியில் இருந்த அத்தனை பாட்டிலையும் பிள்ளைகள் இறக்கி, சரஸ்வதி படத்துக்கு முன்னால், புத்தகத்துக்கும் பொரிக்கும் நடுவே குவித்தார்கள். ஒவ்வொரு பாட்டிலுக்கும் மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமம். பூசாரி மாவிலையால் மஞ்சள் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்தார். விஜயதசமி முடிந்து திங்கட்கிழமை யாரோ ஈரத் துணியால் சந்தனத்தைத் துடைத்தார்கள்.

இங்க்ஜெட் மை தண்ணீர் பட்டால் கரையும். கரைந்தது. மண்டை ஓடும் எழுத்தும் குழம்பி, அறுபத்து நாலு பாட்டிலிலும் ஊதாவும் மஞ்சளுமாக வடிந்திருந்தன. இருபத்திரண்டு பரீட்சை எழுதியவருக்கு, தண்ணீர் தெளிக்கும் பூஜையில் தண்ணீரில் கரையும் மையை வைக்கக்கூடாது என்று தோன்றவில்லை. போகட்டும், யாருக்கும் தவறும். அதன் பிறகு அவர் செய்ததுதான் மன்னிக்க முடியாதது. இரண்டு நாள் பொறுத்தால் பவுனு வந்துவிடுவாள். ஒரு அட்டெண்டரிடம் போய் இதில் என்ன இருக்கிறது, அதில் என்ன இருக்கிறது என்று கேட்பதா என்று அவருக்கு ரோஷம். புது லேபிள் அடித்து, இந்தத் தடவை லேமினேட் செய்து, ஸ்டாக் ரிஜிஸ்டரைப் பார்த்து, நிறத்தைப் பார்த்து, தோதாகத் தோன்றியபடி ஒட்டி, லேப்பைப் பூட்டினார்.

ஜனவரியில் லேப் திறந்தபோது பவுனு அலமாரியைப் பார்த்துவிட்டு, "சார், இந்த பாட்டில் இங்கன இருக்காதே" என்றாள். "லேபிளைப் படி" என்றார் அவர். படித்தாள், வாயை மூடிக்கொண்டாள். அது அவளுடைய தப்பு. அதற்கு அவளை நான் பிறகு திட்டினேன்.

மூன்றாம் நாள் காலை, நோயறை வாசலில் பிளஸ் டூ பிள்ளைகள் எட்டுப் பேர் வலது கட்டைவிரலை நீட்டிக்கொண்டு நின்றார்கள். முன்னால் நின்றவள் யுவராணி.

"நர்சம்மா, விரல் கருத்துப்போச்சு. சோப்புப் போட்டாலும் போகல. விடுதியில சனி பிடிச்சிருக்குங்கிறாக."

"சனி எட்டுப் பேருக்கும் ஒரே விரல்லயா பிடிக்கும்? நேத்து லேப்ல என்னடி செஞ்சீக?"

"பேரியம் குளோரைடு ஊத்தி, டெஸ்ட் டியூப் வாயை மூடிக் குலுக்கினோம்."

"கட்டைவிரலாலயா?"

"வேற எதால மூடுறது?"

"மூடக்கூடாதுன்னு உங்க சார் சொல்லலயா? அத்தனை படம் காட்டுறாரே."

"கம்ப்யூட்டர்ல விரலே வராது நர்சம்மா. அதுவா குலுங்கும்."

அந்தக் கறுப்பு எனக்குப் பழக்கமானது. நான் பயிற்சியில் இருந்த காலத்தில், பிறந்த பிள்ளையின் கண்ணில் சீழ் பிடிக்காமல் இருக்க சில்வர் நைட்ரேட் சொட்டு மருந்து விடுவோம். கவனமில்லாத நர்ஸின் விரல்கள் மறுநாள் இப்படித்தான் இருக்கும். படும்போது ஒன்றும் தெரியாது, வெளிச்சம் பட்டுப் பட்டுத்தான் கறுக்கும். தோல் புதிதாக வளர இரண்டு வாரம் ஆகும், அதோடு போய்விடும். பிள்ளைகளிடம் கண்ணைக் கசக்கினார்களா என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டு, இல்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கை கழுவ வைத்து அனுப்பிவிட்டு, சமையல்கட்டில் ஒரு டம்ளர் உப்புத் தண்ணீர் கலக்கிக்கொண்டு லேப்புக்குப் போனேன்.

பேரியம் குளோரைடு என்று ஒட்டியிருந்த பாட்டில் கறுப்புக் காகிதம் சுற்றிய பழுப்பு பாட்டில். வெளிச்சம் படக்கூடாத மருந்தை மட்டும்தான் அப்படி வைப்பார்கள். ஒரு சொட்டு உப்புத் தண்ணீரில் விட்டேன். பால் திரிந்த மாதிரி வெள்ளையாகத் திரண்டது.

"இது சில்வர் நைட்ரேட்" என்றேன்.

வைகுண்டராஜ் குனிந்து பார்த்தார். பாட்டிலைத் தொடவில்லை. "லேபிள்ல பேரியம் குளோரைடுன்னு தெளிவா இருக்கே, சிஸ்டர்."

"லேபிளை நீங்கதான ஒட்டினீக?"

"அட்டெண்டர் அடுக்கின வரிசைப்படிதான் ஒட்டினேன்."

பவுனு கையில் துடைக்கிற துணியோடு நின்றாள். "ரெண்டாவது தடவை ஒட்டினப்ப நான் ஊருலயே இல்ல சார். லீவு லெட்டர்ல நீங்கதான கையெழுத்துப் போட்டீக."

"எதிர்த்துப் பேசாதே" என்றார் அவர்.

மத்தியானம் தாளாளர் அறையில் பஞ்சாயத்து. சுருளியாண்டி மீசையைத் தடவிவிட்டுச் சொன்னார்:

"பெத்தவுக வந்து கேட்டா ஒரு ஆளைக் காட்டணும்ல, நர்சம்மா. வாத்தியாரை அனுப்பினா இன்னும் பத்தொன்பது நாள்ல பரீட்சைக்கு எங்க போவேன்? பவுனை அனுப்பிருவோம். நீங்க உங்க ரிஜிஸ்டர்ல மருதாணின்னு எழுதிக்கிருங்க."

"மருதாணி கறுப்பா இருக்காது. நான் எழுதிட்டேன். தப்பா லேபிள் ஒட்டின பாட்டில், ஒட்டினவர் வேதியியல் ஆசிரியர்."

"உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு?"

"உள்ளதை எழுதத்தான் எனக்கு உத்தியோகம். அது சரி, இன்னும் அறுபத்து மூணு பாட்டில் இருக்கு. எதுல எது இருக்குன்னு யாரு சொல்லப் போறாக?"

"நான் செஞ்சிருவேன் சார்" என்றார் வைகுண்டராஜ். "அடையாளம் தெரியாத ரசாயனங்களைக் கண்டுபிடிக்கிறதுக்குன்னே தனிப் பக்கம் இருக்கு."

பவுனு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய மகள் அதே பள்ளியில் பத்தாம் வகுப்பு. அம்மா வேலை பார்க்கிறாள் என்பதற்காக ஃபீஸ் இல்லாமல் படிக்கிறவள். அம்மா வெளியே போனால் மகளும் போக வேண்டும், அதுவும் பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது. அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். அன்று சாயங்காலமே அவள் கணக்கை முடிக்கச் சொல்லிவிட்டார்கள். மகள் மாத முடிவு வரை வரலாம் என்று சுருளியாண்டி பெரிய மனது பண்ணினார்.

அதன் பிறகு நாலு நாள் வைகுண்டராஜ் வேலை செய்தார். முதல் நாள் அந்தப் பக்கத்தைப் படித்தார். இரண்டாம் நாள் அதை எண்பது தாளில் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டார். மூன்றாம் நாள் கம்ப்யூட்டரில் அட்டவணை போட்டார். பாட்டில் எண், நிறம், சோதனை, முடிவு என்று பத்தி பிரித்து, முதல் பத்தியை மட்டும் நிரப்பினார். நாலாம் நாள் காலை, கையுறை வந்த பிறகுதான் ஆரம்பிக்க முடியும், அது இல்லாமல் தொடுவது விதிமீறல் என்றார். மதுரைக்குச் சொல்லியிருக்கிறாராம். பிளஸ் டூ பிள்ளைகள் வராந்தாவில் உட்கார்ந்து உப்புச் சோதனையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள்.

பரீட்சைக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது சுருளியாண்டி லேப்பைப் பார்க்க வந்தார். என்னையும் கூப்பிட்டார். கதவில் புது அறிவிப்பு ஒட்டியிருந்தது: அபாயம், அடையாளம் தெரியாத பொருள்கள், உள்ளே வராதீர். உள்ளே அறுபத்து நாலு பாட்டிலும் இருந்த இடத்தில் இருந்தன. அவற்றின் மேல் தூசி.

"ஒண்ணுமே தெரியலயா?" என்றார் சுருளியாண்டி.

"சயின்டிஃபிக்கா அணுகணும்னா டைம் ஆகும் சார்."

"பதினஞ்சு நாள்ல வெளியூர் வாத்தியார் பரீட்சை நடத்த வருவாரு. அவருகிட்ட இந்த போர்டைக் காட்டவா?" என்று அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மண்டி நடத்துகிறவருக்கு நஷ்டத்தை யாரும் விளக்க வேண்டாம். பவுனைக் கூட்டிவரப் பள்ளி வேனைக் கோம்பைக்கு அனுப்பினார்.

வேன் காலியாகத் திரும்பி வந்தது. திராட்சைக் கொடியை வெட்டிவிடும் கவாத்து நடக்கிறது, வர முடியாது என்று சொல்லி அனுப்பியிருந்தாள். மறுநாள் சுருளியாண்டியே போக வேண்டியதாயிற்று. என்னையும் கூட்டிக்கொண்டார், மரியாதைக்காக. பவுனு தோட்டத்து வாசலிலேயே நின்று பேசினாள்.

"வாரேன் ஐயா. லேப் சாவி எங்கிட்டத்தான் இருக்கணும். நான் இல்லாதப்ப யாரும் உள்ள போகக்கூடாது."

"வாத்தியாரு?"

"அவுகளும்தான்."

"அது எப்பிடி, அவரு உனக்கு மேல இல்ல?"

"அப்ப அவுகளையே பாட்டிலத் தெறந்து பாக்கச் சொல்லுங்க. எனக்கு இங்கன வேலை கெடக்கு."

சுருளியாண்டி சாவிக்குத் தலையாட்டினார். "எம்மக படிப்பு?" என்று அவளே கேட்டாள். "முன்ன மாதிரிதான்" என்றார். "பன்னெண்டு வரைக்கும்னு நர்சம்மா முன்னால சொல்லுங்க" என்றாள். சொன்னார். கத்தரியைக் கழுவி வைத்துவிட்டு வண்டியில் ஏறினாள்.

இரண்டு நாளில் வேலை முடிந்தது. வாத்தியாரின் பீரோவைத் திறக்க வைத்து, நிஜக் கண்ணாடிகளை எடுத்து அவருக்கும் பவுனுக்கும் கொடுத்து நானும் மாட்டிக்கொண்டேன். இரண்டு வாளி தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். வைகுண்டராஜின் வேலை எழுதுவது. பென்சிலால் எழுதி, மேலே செல்லோ டேப் ஒட்டச் சொன்னோம். பவுனு ஒரே அளவுள்ள இரண்டு பாட்டிலை இரண்டு கையிலும் தூக்கினாள்.

"இது கந்தக அமிலம். தண்ணிய விட ஒண்ணே முக்கால் மடங்கு கனம், கையே சொல்லும். எழுதுங்க சார்."

"அடர் கந்தக அமிலம்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

அம்மோனியாவை மூடி லேசாகத் திறந்ததும் கையால் காற்றை மூக்குப் பக்கம் விசிறிப் பார்த்தாள். அதன் மூடியை இன்னொரு பாட்டிலின் மூடிக்குப் பக்கத்தில் காட்டினாள். வெள்ளைப் புகை வந்தது, அது ஹைட்ரோகுளோரிக். மஞ்சளாக இருந்தது நைட்ரிக். சந்தேகமானவற்றை டெஸ்ட் டியூபில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். அதற்கு என்ன வர வேண்டும் என்பதை வாத்தியார் தன் ஸ்பைரல் புத்தகத்தில் தேடிப் படித்தார். அந்தப் புத்தகத்தில் எல்லாமே சரியாக இருந்தது. அதை முதல் நாளே ஒரு டெஸ்ட் டியூபுக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் அவருக்கு இந்தக் கதி வந்திருக்காது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், உங்க சட்டை வெள்ளைச் சட்டை" என்பாள் அவ்வப்போது. அவர் மூன்றடியும் தாண்டித்தான் நின்றுகொண்டிருந்தார்.

கடைசியில் மூன்று பாட்டில் மிஞ்சின. "இது எனக்குத் தெரியல" என்று அவற்றை ஒதுக்கி வைத்தாள். மூடியை இறுக்கிக் கட்டி, தேனியில் ஒரு கல்லூரிக்குச் சொன்னோம், ஆள் வந்து எடுத்துப் போனார். அந்தக் கல்லூரிக்காரர் சுவரில் இருந்த சான்றிதழ்களைப் பார்த்துவிட்டு, "சார் பெரிய ஆள் போலிருக்கே" என்றார். வைகுண்டராஜ் அடக்கமாகச் சிரித்தார்.

பரீட்சை நடந்தது, பிள்ளைகள் எல்லோரும் பாஸ். அந்த வருஷம் ஆண்டுவிழாவில் வைகுண்டராஜுக்கு, கம்ப்யூட்டர் வழி அறிவியல் கற்பித்ததற்காகச் சால்வை போர்த்தினார்கள். பெற்றோர் யாருக்கும் லேபிள் விஷயம் சொல்லப்படவில்லை. என் ரிஜிஸ்டரில் இருக்கிறது. யாரும் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கவில்லை.

அடுத்த ஆண்டு ஜூலையில் ஒரு நாள், பிள்ளைகளுக்கு அயோடின் வாங்கி வைக்க லேப் வராந்தா வழியாகப் போனேன். வைகுண்டராஜ் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றிருந்தார். புதிதாக ஒரு சான்றிதழ் வந்திருந்தது, சுவரில் மாட்ட வேண்டும். பவுனு ஆபீசில் இருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"சாவி, பவுனு."

"எதுக்கு சார்?"

"இதை மாட்டணும்."

"கொடுங்க, நான் மாட்டுறேன். நீங்க கம்ப்யூட்டர் ரூமுல இருங்க."

அவர் கொடுத்துவிட்டுப் போனார்.